போன குரல் திரும்புமா?



"இனிமே என்னத்தச் சொல்ல? அதான் எல்லாத்தையும் அந்தப் பொட்டியில சொல்லிட்டேனே" என்று சொன்ன பாட்டி ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். கீழத்தஞ்சைச் சேரி ஒன்றில் பண்ணையாளாகப் பிறந்து வளர்ந்தவர். சவுக்கடியும் சாணிப்பாலும் அவருக்குப் புத்தகத்தில் படித்த சேதியல்ல. அப்பன் முதுகில் பார்த்த சேதி. நம் மாணவத் தோழர் ஒருவர் மூன்று நாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஐந்து மணி நேரம் பதிவு செய்திருந்தார். கருமாதியன்று, "கெழவி கொரல ஒரு தடவ போடு தம்பி" என்று ஊர் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மெமரி கார்டில் பாட்டி இல்லை. இன்னொரு தோழர் கூட்டப் பேச்சைப் பதிய வேண்டிய அவசரத்தில் கார்டை ஃபார்மட் செய்துவிட்டு, அதிலேயே ஒரு மணி நேரம் பதிந்திருக்கிறார். வேறு பிரதி எங்கும் கிடையாது.

யாரையும் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. இது நம் எல்லோருடைய குற்றம். ஐம்பது கூட்டம் போடத் தெரிந்த நமக்கு, ஒரு குரலைப் பத்திரப்படுத்தத் தெரியவில்லை.

கடைக்காரர் "கார்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்றார். அது பாதி பொய். பட்டாவில் பெயரை அடித்துவிட்டால் நிலம் மறைந்துவிடுமா? கார்டிலும் அதே கதைதான். அழிக்கும்போது பெரும்பாலும் அழிவது கோப்பின் பெயரும், அது எங்கே இருக்கிறது என்கிற கணக்கும்தான். வேறொன்று வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை ஒலி அங்கேயே கிடக்கும். ஆகவே செய்யவேண்டிய முதல் வேலை, எதையும் செய்யாமல் இருப்பது. கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும். 'சும்மா சோதிச்சுப் பாக்குறேன்' என்று இன்னொரு பதிவு போடக்கூடாது. பிறகு கார்டு முழுவதையும் அப்படியே கணினியில் ஒரு பிம்பமாக நகலெடுத்து, நகலில்தான் தேட வேண்டும். டிடிரெஸ்க்யூ, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களே இதற்குப் போதும். போட்டோரெக் என்று பெயர் இருந்தாலும் அது ஒலிக்கோப்பையும் தேடி எடுக்கும்.

இப்படித் தேடியதில் பாட்டியின் நான்கு மணி நேரம் திரும்பி வந்தது. மேலே பதிந்த ஒரு மணி நேரத்துக்கு அடியில் கிடந்த முதல் நாள் வரவில்லை. அவர் பாடிய நடவுப் பாட்டெல்லாம் அந்த முதல் நாளில் இருந்தது. போனது போச்சு.

பதிவு பாதியில் இருக்கும்போது பேட்டரி தீர்ந்து, 'கோப்பு கெட்டுவிட்டது' என்று கருவி சொன்னாலும் தூக்கிப்போட்டு விடாதீர்கள். வேவ் கோப்பின் தலைப்பகுதியில் மொத்த அளவு எழுதப்படாமல் நின்றிருக்கும். ஒலி பெரும்பாலும் உள்ளே பத்திரமாக இருக்கும். ஆடாசிட்டியில் வெறும் தரவாக இறக்கிக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இன்றைய செல்போனின் உள் நினைவகத்தில் அழிந்தால் மீட்பது ரொம்பக் கஷ்டம். அங்கே தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அழித்த இடத்தைப் போனே துடைத்தும் விடுகிறது.

இதெல்லாம் தொழில்நுட்பச் சமாச்சாரம், தலையங்கத்தில் எதற்கு என்று கேட்கலாம். வெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 அன்று ராமையாவின் குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கார் வைத்திருக்கும் பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று கருதிய உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பு பத்திரமாக இருக்கிறது. அது காகிதம், அதற்கு அறை உண்டு, அலமாரி உண்டு, காவல் உண்டு. எரிந்த குடிசையைக் கண்ணால் பார்த்தவர்களின் சொல்லுக்கு எந்த அலமாரி இருக்கிறது? அன்று இருபது வயதில் இருந்தவர் இன்று எண்பதைத் தொடுகிறார். அரசு ஆவணம் எழுத்தில் இருக்கிறது. நம் ஆவணம் குரலில் இருக்கிறது. அந்தக் குரலை இப்போது விரல்நகம் அளவு கார்டில் வைத்துக்கொண்டு சட்டைப் பையில் போட்டு அலைகிறோம்.

1955-இல் அம்பேத்கர் பி.பி.சி. வானொலிக்கு அளித்த நேர்காணலை இன்றும் நாம் கேட்கிறோம். அதை வைத்துக் காக்க ஒரு நிறுவனம் இருந்தது. அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழின் எழுத்துகள் 1999-இல் தொகுதிகளாக வந்தன என்றால், பழைய ஏடுகளை எவரோ தூக்கியெறியாமல் வைத்திருந்ததால்தான். நம் பாட்டன் பாட்டிக்கு பி.பி.சி. இல்லை. நாம்தான் இருக்கிறோம்.

நீதிமன்றத்துக்கும் இது தேவை. 2015-இல் கோகுல்ராஜ் கொல்லப்பட்ட வழக்கில் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கிய சாட்சியமாக நின்றது. 2022-இல் தண்டனை கிடைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைநாட்டு. கோப்பில் ஒரு துளி மாறினாலும் கைநாட்டு மாறிவிடும். பதிந்த அன்றே அதை எடுத்து நோட்டில் எழுதி வைத்தால், 'இது வெட்டி ஒட்டியது' என்று எதிர்த்தரப்பு எளிதில் சொல்ல முடியாது.

"வாட்ஸ்அப் குரூப்புல போட்டாச்சு, பத்திரமா இருக்கு தோழர்" என்கிறார்கள். குரல்பதிவு அங்கே சுருங்கித் தரம் குறைகிறது. இணையச் சேமிப்பிலும் இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிற ஏற்பாடுகள் உண்டு. மைஸ்பேஸ் நிறுவனம் 12 ஆண்டுகளாக மக்கள் ஏற்றிய பாட்டுகளைத் தொலைத்துவிட்டதாக 2019-இல் கைவிரித்தது. அடுத்தவன் களத்தில் கொட்டிய நெல் நமதாகுமா?

ஆகவே ஒவ்வொரு வட்டத்திலும் இனி இது இயக்க வேலை. பதிந்த அன்று இரவே நகல். மூன்று பிரதி, அதில் இரண்டாவது வேறுவகைக் கருவியில், ஒன்று வேறு ஊரில். வெள்ளம் வந்தாலும் ரெய்டு வந்தாலும் ஒன்று மிஞ்ச வேண்டும். நல்ல தரத்தில் பதிந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபிதான். காசில்லை என்கிற சாக்கு வேண்டாம். யார், எந்த ஊர், எந்த நாள் என்று நோட்டில் எழுதுங்கள். பெயர் இல்லாத கோப்பு, பெயர் இல்லாத பிணம் மாதிரி. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து கேட்டுப் பாருங்கள். கணினிக்கு மாற்றிவிட்டோம் என்று பழைய கேசட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள்.

ஒரு பிரதி சேரிக்கே போக வேண்டும். நம் ஆய்வேட்டுக்கும் கட்டுரைக்கும் எடுத்துக்கொண்டு அவர்களை வெறுங்கையோடு விட்டால், நமக்கும் மேல்சாதி ஆய்வாளனுக்கும் என்ன வித்தியாசம்? அதேபோல, உயிரோடு இருக்கும் சாட்சியின் பெயரும் குரலும் அவர் சம்மதமில்லாமல் வெளியே போகக் கூடாது. அந்த ஊரிலேயே அவர் நாளைக்கும் குடியிருக்க வேண்டும்.

மீட்ட நான்கு மணி நேரத்தையும் அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம். நடவுப் பாட்டு தெரிந்த இன்னொரு கிழவி பக்கத்துத் தெருவில் இருக்கிறாராம். தோழர் கிளம்பிவிட்டார். இந்த முறை இரண்டு கார்டோடு.

– ஆசிரியர் குழு