ஊரில்லாத உலகம்

செல்வராகவன் இயக்கிய ‘இரண்டாம் உலகம்’ 2013 நவம்பர் 22 அன்று தமிழிலும், ‘வர்ணா’ என்ற பெயரில் தெலுங்கிலும் வெளிவந்தது. ஆர்யாவுக்கும் அனுஷ்காவுக்கும் இரட்டை வேடம். பூமியில் மது, ரம்யா காதல் ஒரு பக்கம். வேறொரு கிரகத்தில் வாளேந்திய வர்ணா, அவளை விரும்பும் வீரன் இன்னொரு பக்கம். ரம்யா இறந்துபோக, மது அந்தக் கிரகத்துக்குப் போய்ச் சேருகிறான். ஜார்ஜியாவில் படப்பிடிப்பு, ராம்ஜியின் ஒளிப்பதிவு, ஹாரிஸ் ஜெயராஜின் பாடல்கள், அனிருத்தின் பின்னணி இசை என்று கோடம்பாக்கம் அதிகம் பார்த்திராத ஆசையோடு எடுக்கப்பட்ட படம். ஓடவில்லை.

கிராபிக்ஸைக் குறை சொல்வது எளிது. 1963இல் வந்த எம்.ஜி.ஆரின் ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகவாசிகள் இசைக்காகக் கதாநாயகியைக் கடத்திப் போகிறார்கள். அதன் தந்திரக் காட்சிகள் இன்று சிரிப்பூட்டலாம். வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதில் மட்டும் குழப்பமே கிடையாது. 2010இன் ‘எந்திர’னிலும் உணர்ச்சி ஊட்டப்பட்ட இயந்திரம் தன்னைப் படைத்தவனின் காதலியையே விரும்புகிறது. வரும் வினை அத்தனையும் அந்த ஒரு முடிச்சிலிருந்து கிளைப்பவை.

‘இரண்டாம் உலகம்’ இடறுவது இந்த முடிச்சில்தான். காதலே அறியாத உலகம் அது என்கிறது படம். ஆனால் அந்த உலகத்து ஆர்யா ஆரம்பத்திலிருந்தே வர்ணாவின் பின்னால் அலைகிறான். அவளுக்காகச் சிங்கத்தோடு மோதுகிறான். இதற்குக் காதல் என்றல்லாமல் வேறென்ன பெயர் வைப்பது? வர்ணாவின் பிடிவாதம் ஒன்றுதான் விதியைக் காப்பாற்றுகிறது. காதலைக் கற்றுத்தரப் பூமியிலிருந்து வரும் மதுவுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை.

அந்தக் கிரகத்தில் அரசன் உண்டு, படை உண்டு, தெய்வமாக வணங்கப்படும் ‘அம்மா’ உண்டு. சந்தை எங்கே, உழுபவர் யார், சண்டை இல்லாத நாளில் சனங்கள் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் தெரிவதில்லை. வெளிநாட்டு முகங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்திருப்பதால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். பார்ப்பவர் குடியேற அங்கே ஒரு தெருகூட இல்லை.

வியப்பு என்னவென்றால், பூமிப் பகுதி நன்றாகவே இருக்கிறது. ரம்யாதான் முதலில் வந்து விருப்பத்தைச் சொல்கிறாள். உடல் முடங்கிய அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மது மறுக்கிறான். பிறகு அவன் மனம் மாறி வரும்போது அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். ‘7ஜி ரெயின்போ காலனி’யில் ஒரு குடியிருப்பின் மாடிப்படியை வைத்தே இரண்டு உலகங்களைக் காட்டிய இயக்குநரின் கை இந்தக் காட்சிகளில் தெரிகிறது.

அவருடைய ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010இல் வந்தபோதும் ரசிகர்கள் திணறினார்கள். பின்னாளில் அதைத் தேடிப்பிடித்துக் கொண்டாடினார்கள். அதில் வரும் சோழர்கள் பசித்தவர்கள், பழந்தமிழ் பேசுபவர்கள். படம் சொல்லாமல் விட்டதை நிரப்பிக்கொள்ள ராஜராஜனும் தஞ்சையும் பார்ப்பவர் மனத்தில் ஏற்கெனவே இருந்தார்கள். ‘இரண்டாம் உலக’த்தின் கிரகத்துக்கு அப்படிப்பட்ட முன்கதை எதுவும் வெளியே கிடையாது. வேண்டிய அத்தனையையும் படமே தந்திருக்க வேண்டும்.