திராட்சைப் பந்தலில் ஊக்கி மருந்து

வளர்ச்சி ஊக்கி மருந்தை ஒன்றுக்கு இரண்டு பங்காகக் கலந்து தெளித்தால் பலனும் இரட்டிக்கும் என்று கருதும் விவசாயிகள் உளர். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய கம்பம் பள்ளத்தாக்குக் கிராமங்களில் பன்னீர்த் திராட்சை பயிரிடுவோர் இக்கருத்தைக் கைவிடுதல் அவசியம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பழம் இங்கு ஆண்டு முழுதும் அறுவடையாவது; ஆதலின் ஒரு போகத்தில் நேரும் பிழை அடுத்த போகத்தையும் விரைவிலேயே தாக்கும்.

கடைகளில் ஹோமோபிராசினோலைடு என்று கிடைக்கும் திரவத்தில் ஊக்கி நூற்றுக்கு 0.04 பங்கே இருப்பது கண்டு, அதனை வெறுந் தண்ணீர் என்று எள்ளுவதுண்டு. இவ்வகை ஊக்கி முதன்முதலாக 1979-இல் அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்டபோது, ஏறக்குறைய 227 கிலோ மகரந்தத்திலிருந்து கிடைத்தது 4 மில்லிகிராம் மட்டுமே. செடிக்கு வேண்டுவது அத்துணைச் சிறிதளவே.

காரணம் யாதெனில், செடியின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்திருக்கிறது. அச்சவ்வில் ஊடுருவிப் பதிந்துள்ள ஒரு புரதம் தன் வெளிமுனையால் இவ்வூக்கியை இனங்கண்டு பற்றுகிறது. உடனே துணைப் புரதம் ஒன்று அதனோடு சேர, செய்தி உள்ளே கைமாறிச் செல்கிறது. வாயிற்காவலனிடம் ஓலையைக் கொடுத்தால் போதும். கொணர்ந்தவன் அரண்மனைக்குள் போக வேண்டுவதில்லை. இப்புரதத்தை 1997-இல் ஜியான்மிங் லீ, ஜோவான் கோரி என்னும் இருவர் கடுகினச் சிறுசெடி ஒன்றில் கண்டறிந்தனர். காவலர் தொகை வரம்புடையது. அனைவர் கையிலும் ஓலை சேர்ந்தபின் வருவது வீண். அஃதன்றி, செய்தி மிகுந்தால் செடி தானே ஊறச்செய்யும் ஊக்கியையும் குறைத்துக்கொள்ளும். இரட்டை அளவு தெளித்தவர் இழப்பது மருந்தின் விலையை மட்டுமன்று.

ஜிப்பரெல்லிக் அமிலத்தின் தன்மை வேறு. அதனைப் பற்றும் புரதம் சவ்வில் இன்றி உயிரணுவின் உள்ளே இருப்பதை 2005-இல் ஜப்பானியர் நெற்பயிரில் கண்டனர். இதன் அளவு மீறினால், அடுத்த கவாத்தின் பின் பூங்கொத்து விடும் கண்கள் குறையக்கூடும். பன்னீர் போன்ற விதையுள்ள இரகங்களில் இவ்வபாயம் அதிகம். இரண்டையும் 'டானிக்' என்று ஒரே பெயரால் அழைத்து, ஒரே தொட்டியில் மனம்போனபடி கலப்பது தகாது.

கடைக்காரர் சொல்லும் அளவும் புட்டியின் மேலுள்ள சீட்டின் அளவும் வேறுபடின், சீட்டையே கொள்ளுதல் வேண்டும். கிராம அதிகாரிகள் ஊர்க்கூட்டங்களில் அதனை உரக்கப் படித்துக் காட்டினால் பெரிதும் பிரயோஜனமுண்டு. புதிய மருந்து எதுவாயினும், பந்தலின் ஒரு மூலையில் பத்துக் கொடிகளைத் தெளிக்காமல் விட்டுவைத்து, அறுவடையின்போது இரு பக்கத்துக் குலைகளையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் நலம். அந்நிறுவையைக் கடைக்காரரிடமும் காட்டலாம்.