கரிக்குச்சியும் வீட்டுக் குடமும்

ஓவியம் என்றால் வண்ணம், வண்ணம் என்றால் காலண்டர் என்றே எண்ணிப் பழகியவர்கள் நாங்கள். சிவகாசிக்கு அருகில் பிறந்தவர்கள் வேறு எப்படி எண்ணுவோம்? கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் தொங்கின. அவரோ சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். நாங்கள் பயிற்சியை விட்டுவிட்டு, கட்டம் போட்டுப் படத்தை மட்டும் நகலெடுத்து வந்தோம்.

இவ்வாண்டு ஓவிய ஆசிரியை வண்ணப் பெட்டியை மூடச் சொல்லி, ஆளுக்கொரு கரிக்குச்சி தந்தார். மேசைமீது ஒரு மண்பானையும் ஒரு பித்தளைக் குடமும். தினமும் தண்ணீர் எடுக்கும் குடத்தை நாங்கள் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை என்பது அன்றுதான் தெரிந்தது! விளிம்பில் கறுப்புக் கோடு போட்டால் குடம் தட்டையாகிவிடுகிறது. சன்னல் பக்கம் வெளிச்சம். அங்கிருந்து வயிறு வளைய வளைய நிழல் கூடுகிறது. ஆனால் மிகக் கறுத்த இடம் ஓரத்தில் இல்லை, சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. மேசையில் பட்ட ஒளி திரும்பிச் சென்று ஓரத்தை லேசாக வெளுக்கச் செய்கிறது. பானையில் இந்த மாற்றம் மெதுவாக வருகிறது. விரலால் தேய்த்தே கொண்டுவரலாம். பித்தளையிலோ வெள்ளையும் கறுப்பும் அடுத்தடுத்து நின்று சண்டை போடுகின்றன. வெள்ளைக்குத் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். (காலண்டர் தாளின் வழவழப்பில் கரி ஒட்டாது, சொரசொரப்பான தாளே நல்லது.)

ஆகவே, எல்லா வகுப்பிலும் ஓவியம் கரியில் தொடங்கட்டும், வீட்டுச் சாமான்களே மாதிரியாகட்டும் என்பது எங்கள் கருத்து. செலவும் பெரிதல்ல. பொதுத்தேர்வு வகுப்பு வந்ததும் ஓவிய வேளையைக் கணக்குக்குக் கொடுக்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை (சொன்னால் யார் விடுவார்கள்?). வாரத்தில் அந்த ஒரு வேளையை மட்டும் விட்டுவைக்குமாறு அருட்சகோதரிகளையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறோம்.

கை கறுக்கிறது, சீருடை பாழாகிறது என்று பெற்றோர் சொல்லும் குறை நியாயமானதே. கரி எங்கள் ஊர்ப்பக்கம் வேறு வேலையும் செய்கிறது. கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். பட்டாசு ஆலைக்குச் செல்லும் தாயார் ஒருவர், எங்கள் தோழியான தம் மகளின் விரல்களைக் கண்டு, "என் கைதான் இப்படின்னா உன் கையுமா? இதுக்கா படிக்க அனுப்புறேன்?" என்று கேட்டாராம். அவள் பதில் பேசவில்லை. அம்மா சோறு கொண்டுபோகும் தூக்குவாளியை அன்றிரவு விளக்கருகில் வைத்து வரைந்தாள். அந்த அம்மையார் வெகுநேரம் பார்த்துவிட்டு, பஸ் நெரிசலில் நசுங்கிய இடத்தைப் படத்தில் தொட்டு, "இதைக்கூட விடலையாடி?" என்றாராம். அந்தப் படம் எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. விரல் பட்ட இடம் கலைந்துதான் இருக்கிறது, அவள் திருத்தவில்லை.