மெகல்லனின் அடிமைக்குப் பெயர் என்ன?

‘ஆரம்பகாலக் கடலோடிகள் பற்றி இணையத்தில் தகவல் திரட்டி எழுதுக.’ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் செயல்திட்டம் இவ்வளவுதான். பிள்ளைகள் என்ன செய்யும்? செல்போனைத் தட்டும். பிறந்த ஊர், கப்பல் பெயர், ‘கண்டுபிடித்த’ நாடு, தாடிக்காரர் படம் ஒன்று. அப்படியே காப்பி. மதிப்பெண் வந்துவிடும். ஐரோப்பிய அரசவைகள் 500 வருஷமாகச் சொல்லிவரும் கதையை நம்ம சேரிப் பிள்ளை தன் கையெழுத்தில் இன்னொரு தடவை எழுதிக் கொடுத்திருக்கும். இதற்குப் பெயர் ஆய்வா?

கோளாறு கேள்வியிலேயே இருக்கிறது. ‘என்ன கண்டுபிடித்தார்?’ என்று கேட்கும்போதே அங்கே குடியிருந்தவர்களை ஆளே இல்லை என்று ஆக்கிவிடுகிறோம். 1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸ் இறங்கிய தீவை அந்த மக்கள் குவானஹானி என்றார்கள். அவர் சான் சால்வடார் என்று மாற்றினார். பெயரை மாற்றுகிறவன் அடுத்து என்ன செய்வான் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1495இல் ஏறத்தாழ 500 தைனோ மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார். சுமார் 200 பேர் வழியிலேயே செத்தார்கள். அந்த நிலங்களை ஸ்பெயினுக்கு உரிமையாக்கி 1493இல் போப்பாண்டவர் ஆணை கொடுத்தார். ‘கண்டுபிடித்தவனுக்கே மண்’ என்ற அந்தக் கோட்பாட்டை வத்திக்கான் நிராகரித்தது எப்போது தெரியுமா? 2023இல்!

ஆகவே எங்கள் மாலை வகுப்புக்கு நான் வேறு மாதிரி வகுத்திருக்கிறேன். குழுவுக்கு ஒரு பயணம். கேள்விகள் நான்கே நான்கு. பணம் போட்டது யார், எதற்காக? வழி காட்டியவர், மொழிபெயர்த்தவர், சுமை தூக்கியவர் யார்? போய் இறங்கிய இடத்துக்கு அங்குள்ளவர்கள் வைத்திருந்த பெயர் என்ன? இதையெல்லாம் எழுதி வைத்தது யார்?

மெகல்லனை எடுத்துக்கொள்வோம். 1519இல் ஐந்து கப்பல், சுமார் 270 பேர். 1522இல் உலகைச் சுற்றி ஸ்பெயின் திரும்பியது ஒரே கப்பல், 18 பேர். மெகல்லன் அதில் இல்லை. 1521 ஏப்ரல் 27 அன்று மக்டான் தீவு மக்கள் அவரைக் கொன்றார்கள். அவரோடு என்றிக்கே என்ற அடிமை போயிருந்தார். இன்றைய பிலிப்பைன்ஸ் தீவுகளில் பேச்சுவார்த்தை நடந்ததே இவர் வாயால்தான். தான் இறந்ததும் இவருக்கு விடுதலை என்று மெகல்லன் உயில் எழுதியிருந்தார். விடவில்லை. எஜமானனின் மனைவிக்கு அடிமையாகத்தான் இருப்பாய் என்று புதுத் தலைவன் மிரட்டியதாக, கூடப் போன பிகாஃபெட்டா எழுதியிருக்கிறார். சில நாளில் செபுவில் ஒரு விருந்தில் ஸ்பெயின் ஆட்கள் பலர் கொல்லப்பட்டார்கள். பழி என்றிக்கே மேல். அத்தோடு அவர் ஏட்டிலிருந்து மறைகிறார்.

உயில் அவரை மலாக்காக்காரர் என்கிறது. பிகாஃபெட்டா சுமத்ராக்காரர் என்கிறார். பிள்ளைகள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எழுதி வைத்ததெல்லாம் வேதவாக்கு இல்லை என்று அப்போது தானாக விளங்கும். ‘என்றிக்கே’ என்பதும் எஜமானர்களின் மொழிப் பெயர். பெத்தவள் வைத்த பெயர் ஆவணங்களில் இல்லை.

இங்கேதான் தோழர்கள் சிலர் அவசரப்படுகிறார்கள். ‘உலகை முதலில் சுற்றியவர் என்றிக்கேதான்னு எழுதிட வேண்டியதுதானே’ என்கிறார்கள். வேண்டாம். செபுவிலிருந்து அவர் ஊர் திரும்பினார் என்பதற்குச் சான்று கிடையாது. சான்றில்லாத இடத்தை வீரக்கதையால் மெழுகுவது புராணக்காரன் வேலை. தீண்டப்படாதோர் தோற்றம் பற்றி 1948இல் வெளிவந்த நூலில் அம்பேத்கரும் அறுந்த கண்ணிகளை ஊகத்தால் இணைத்தார். ஆனால் முன்னுரையிலேயே அதைச் சொல்லிவிட்டுச் செய்தார். அந்த நேர்மைதான் நம் பிள்ளைகளுக்கு வேண்டிய பயிற்சி.

அதனால் செயல்திட்டத்தின் கடைசிப் பக்கத்துக்குக் ‘கிடைக்காதவை’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். எங்கெல்லாம் தேடினோம், யார் பெயர் கிடைக்கவில்லை, அதை எழுதாமல் விட்டது யார்? கேட்டதும் பதில் கொட்டும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இந்தப் பக்கத்தையும் நிரப்பித் தரும். நிரப்ப விடக்கூடாது. மதிப்பெண்ணில் பாதி இந்தப் பக்கத்துக்கே.

பாட்டன் பூட்டன் பெயர் எந்தப் பட்டாவிலும் ஏறாத குடும்பத்துப் பிள்ளைகள் இவர்கள். வெற்றிடம் என்பது தானாக விழுந்ததில்லை, உண்டாக்கப்பட்டது என்று இவர்களுக்கு விளக்கம் சொல்லவே தேவையிருக்காது. மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் இந்த நான்கு கேள்விகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகள் ஐந்தாவது ஒன்றைக் கேட்டால், எழுதுங்கள்.