ஓடிபி யார் போனுக்கு வருது?

விவசாயிகள் எல்லாம் செல்போன்லயே அரசு சேவை வாங்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு அடிக்கடி கேள்விப்படுகிறோம். எங்க பக்கம் பார்த்தால் பாதிதான் உண்மை. பதிவு விவசாயி பேரில் இருக்கும், போன் வேற யாருடையதாகவோ இருக்கும்.

செங்கம், தண்டராம்பட்டு பக்கம் நிறைய வீட்டுப் பிள்ளைகள் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்காங்க. ஆதாரில் சேர்த்திருப்பது அந்தப் பையனோட நம்பர். அப்பா இங்க இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பார், ஓடிபி அங்க சாரத்து மேல நிற்கிற மகனுக்குப் போகும். அவன் போனை எடுத்துப் பார்த்துச் சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். திரும்ப முதல்ல இருந்து.

பிஎம் கிசான் 2019-ல் வந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணை. பெரிய காசு இல்லைன்னு டவுன்ல இருக்கிறவங்க சொல்லலாம். மல்லாட்டை விதைக்கும் நேரத்தில் 2,000 ரூபாய் வந்தால் கடனில் ஒரு பிடி குறையும். அதுக்கு இ-கேஒய்சி கட்டாயம். ஓடிபி இல்லைன்னா கைரேகை வைக்கணும். மல்லாட்டை பிடுங்கி, களை வெட்டி, தேய்ஞ்சு போன விரலில் ரேகைக்கு எங்க போறது? மிஷின் ஏத்துக்க மாட்டேங்குது. முகத்தைக் காட்டிப் பதியும் வசதி 2023-ல் வந்தது. ஒரு அலுவலர் தன் போனிலேயே 500 பேர் வரைக்கும் முடிச்சுக் கொடுக்கலாம்னும் அப்போ அறிவிச்சாங்க. நல்ல ஏற்பாடு. ஆனா அந்த அலுவலர் ஊருக்குள்ள வந்தால்தானே.

உழவன் செயலியைக் குறை சொல்ல மாட்டேன். 2018-ல் இருந்து இருக்கு, மானியம், உரம் இருப்பு, மார்க்கெட் விலை, வானிலை எல்லாம் தமிழ்லயே பார்க்கலாம். நானும் வெச்சிருக்கேன். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம்னு அதுல பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். அடுத்த படிதான் கஷ்டம். சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் வேணும். பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பேரில், நாலு பங்காளிகளோட கூட்டா இருந்தால் எந்த செயலி என்ன பண்ணும்? குத்தகைக்கு ஓட்டுறவருக்கு பிஎம் கிசானே கிடையாது.

ஜனங்களுக்கு போன் தெரியலைன்னு மட்டும் சொல்லாதீங்க. பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில் நடந்து பாருங்க. பூ விக்கிற அம்மா, மாங்கா பத்தை போடுறவர், எல்லார்கிட்டயும் ஸ்கேன் அட்டை தொங்குது. பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி, வந்த தொகையைச் சத்தமா சொல்லுது. படிக்கத் தெரியாதவங்களுக்கும் காசு வந்தது காதால தெரியுது. அதனாலதான் அது பிடிச்சுது. அரசு செயலியில் விண்ணப்பம் போட்டால் "பரிசீலனையில்"னு ஒரு வார்த்தை நிற்கும். யார் மேஜையில், எத்தனை நாள், எதுவும் தெரியாது.

கென்யாவில் 2007-ல் எம்-பெசா வந்தப்போ சாதா பட்டன் போனிலேயே பணம் அனுப்ப முடிஞ்சது. காசு போட, எடுக்க தெருமுனைக் கடைக்காரரே ஏஜென்ட். போனும் இருந்தது, பக்கத்துல ஆளும் இருந்தார். நம்ம நாட்டிலும் பட்டன் போனில் பணம் அனுப்பும் யுபிஐ வசதி 2022-லேயே வந்தாச்சு. அப்போ விண்ணப்பத்தின் நிலையைப் பட்டன் போனில் தமிழ்க் குரலில் சொல்ல முடியாதா? கிசான் கால் சென்டர் 1800-180-1551 இருக்கு, 2004-ல் இருந்து. காலை 6 மணியில் இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் பயிருக்கு யோசனை தமிழ்ல சொல்றாங்க. அதே மாதிரி மானிய விண்ணப்பத்துக்கும் ஒரு நம்பர் வேணும், எடுக்கிற ஆளோட.

அதுவரைக்கும் ஒரு காரியம் பண்ணலாம். அடுத்த கிராமசபையில், நம்ம ஊரில் யார் யாருக்கு இ-கேஒய்சி பாக்கின்னு பட்டியல் கேளுங்க. உதவி வேளாண்மை அலுவலர் ஒரு நாள் ஊருக்கு வந்து எல்லாருக்கும் முகப்பதிவு முடிச்சுத் தரணும்னு தீர்மானம் போடச் சொல்லுங்க. பையன் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஆதார்ல அப்பாவோட சொந்த நம்பரை மாத்திட்டுப் போகச் சொல்லுங்க.