மரத்திலே பொற்கோலம்

கரும்பழுப்புப் பலகையொன்றிலே பொன்னிறக் கோடுகள் கொடியாகவும் மலராகவும் படர்ந்திருக்கக் கண்டால், தூரிகையால் தீட்டிய சித்திரம் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது மரத்தைக் கீறிப் பித்தளைக் கம்பியைப் பதித்த வேலை. வட இந்தியாவில், உத்தரப் பிரதேசத்து மைன்புரி என்னும் ஊர் இக்கைப்பணிக்குப் பெயர்போனது. இந்தியில் ‘தார்’ என்றால் கம்பி. ஆதலின் இதனைத் ‘தார்கஷி’ என்பர்.

இக்கலை வளர்ந்த இடம் பாதக்குறடு! பூசை வேளையில் தோற்செருப்பு ஆகாது என்பதால் மரக்குறடு அணிவது வழக்கம். அதனை அழகுசெய்த கைகளே பின்னர் பேழையும் தட்டும் செய்யலாயின. துளசிதாசர் இராமாயணத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த குரௌஸ் என்னும் அதிகாரி, 1888ஆம் ஆண்டில் இக்கலையைப் பற்றித் தனிக் கட்டுரையே வரைந்தார்.

வேலை நடைபெறும் விதத்தைக் கேளுங்கள். ஷீசம் என்னும் வயிரமேறிய மரத்திலே முதலிற் சித்திரத்தைப் படியெடுப்பர். பின்னர் கோடுகளை நுண்ணிய உளியாற் கீறுவர். பித்தளைத் தகட்டை மெல்லிய இழைகளாக நறுக்கி, விளிம்புப் பக்கமாகக் கீறலில் நிறுத்திச் சிறு சுத்தியலால் தட்டி இறக்குவர். புள்ளி வேண்டிய இடத்திற் கம்பியைச் சிறு சுருளாக்கித் துளையிற் பதிப்பர். ஈற்றில் அராவித் தேய்த்து மெருகிடுவர்.

பழைய முறையில் இதற்குப் பசை வேண்டியதில்லை. கம்பியைப் பற்றி நிற்பது மரத்தின் பிடியே. கீறல் அகன்றாற் கம்பி நில்லாது; குறுகினால் உள்ளே இறங்காது. வர்ணம் தீட்டுவோன் தன் பிழையை மற்றொரு பூச்சினால் மறைக்கலாம். இத்தொழிலாளிக்கோ அந்த வாய்ப்பு இல்லை.

அத்தகைய பொருள் உங்கள் வீட்டில் இருப்பின், ஈரம் படாது காத்துக்கொள்ளுங்கள். மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தாற் சுருங்கும். பித்தளை அவ்வாறு செய்யாது. ஆகவே நாளடைவிற் பிடி தளர்ந்து கம்பி மேலெழும். வாங்கும்போது கண்ணை மாத்திரம் நம்பாது, விரலால் தடவிப் பாருங்கள். நல்ல வேலையில் மரம் எங்கே முடிகிறது, கம்பி எங்கே தொடங்குகிறது என்பது விரலுக்குப் புலப்படாது.

2023ஆம் ஆண்டில் மைன்புரித் தார்கஷி புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு கலையின் பெயரைக் காக்கும். ஆனால் பல நாள் குனிந்திருந்து உழைப்பவனின் அடுப்பெரிய வேண்டுமாயின், அவன் வேலையின் அருமை அறிந்து விலை கொடுப்போர் வேண்டும். மலிவைத் தேடுமுன் இதனைச் சற்றே சிந்தியுங்கள்.