விளக்கை அணைப்பது ரிப்பேர் ஆகாது

காரில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கும் காற்றுப்பை கட்டாயம் என்ற விதி 2021-ல் புதுக் கார்களுக்கு அமலுக்கு வந்தது. வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் அந்தப் பை வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா என்பதை யார் கவனிக்கிறார்கள்?

சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்பட வேண்டும். கோளாறு உள்ளபோது விபத்து நேர்ந்தால் பல கார்களில் பை விரியாது.

இதற்குச் சில ஒர்க்‌ஷாப்புகளில் நடக்கும் வைத்தியம் விசித்திரமானது. சில ரூபாய் விலையுள்ள ரெசிஸ்டர் ஒன்றை ஒயரில் சொருகிவிடுகிறார்கள். காரிலுள்ள கம்ப்யூட்டர் ஏமாந்துபோய் விளக்கை அணைத்துவிடுகிறது. ரயில்வேயில் சிக்னல் பழுதானால் சிவப்பு காட்டும்படிதான் அமைப்பு. சிவப்பு தொந்தரவாக இருக்கிறதென்று பல்பைப் பிடுங்கிவிட்டு வண்டியை அனுப்ப எவராவது துணிவாரா?

பல சமயம் கோளாறு சிறியதே. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளுவதால் அடியிலுள்ள கனெக்டர் தளர்ந்திருக்கும். மழைநீர் பட்டுக் களிம்பேறியிருக்கும். சில கார்களில் ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சார், மெத்தைக்குள்ளேயே பழுதாகியிருக்கும். முதலில் ஸ்கேனர் வைத்துக் கோளாறு எண்ணைப் படிக்க வேண்டும். பிறகு சாவியை அணைத்து, பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றி, கம்பெனி கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்துதான் கை வைக்க வேண்டும். பாட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். பையின் இணைப்பில் சாதாரண மீட்டரை வைத்து ஓம் பார்ப்பது கூடவே கூடாது. அந்தச் சிறு மின்னோட்டமே பையை வெடிக்கச் செய்யலாம்.

இதற்கு நேரமும் கூலியும் ஆகும். "விளக்கை மட்டும் அணைத்துவிடு" என்று முதலாளி சொன்னால், சம்பளத்துக்கு உழைக்கும் டிரைவரோ மெக்கானிக்கோ எதிர்த்து நிற்பது கடினம் என்பது உண்மையே. வெளியூரில் வந்து பிழைக்கும் நம்மவர்களுக்கு அது இன்னும் கடினம். ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. கோளாறு எண் என்ன, செய்த வேலை என்ன என்று பில்லில் எழுதித் தரக் கேளுங்கள். ரெசிஸ்டர் சொருகியதாக எவரும் எழுதிக் கையெழுத்திட மாட்டார்கள்.

வாடகைக் கார்களுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் அதிகாரிகளும் இந்த விளக்கு எரிந்து அணைவதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். முன் இருக்கையில் ஏறும் பயணி டிரைவரை நம்பித்தான் ஏறுகிறார். அந்த நம்பிக்கையைச் சில ரூபாய்க்கு விற்கலாகாது.